கேட்காமல் அழித்த கட்டளை: ஷெல்லின் ஐம்பதாண்டு வரலாறு

(எங்கள் வாசகர் வட்டத்தின் மாதாந்திர நேரலையில் ஆற்றிய உரை. எழுத்துக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது.)

இந்த நேரலையில் வழக்கமாக நாவல், சிறுகதை, கவிதை என்றுதான் பேசுவோம். நானும் இதற்கு முன் இரண்டு முறை சிறுகதை பற்றித்தான் பேசினேன். இந்த மாதம் ஷெல் பற்றிப் பேசுகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் அண்ணன், "சிப்பி, சங்கு பற்றியா சிஸ்டர்?" என்று கேட்டார். இல்லை அண்ணா, கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையில் எழுத்தாகத் தட்டிக் கட்டளை கொடுப்போமே, அந்த ஷெல்.

நான் கணினி படித்தவள் இல்லை. நாகர்கோவிலில் நர்சிங் டிப்ளமோ முடித்து, சில வருடம் சவுதியில் இருந்துவிட்டு, இப்போது அயர்லாந்தில் வேலை செய்கிறேன். கொரோனா காலத்தில் நம் கூட்டங்கள் இணையத்துக்கு மாறியபோது பதிவுகளை வெட்டி ஒட்டும் வேலை என் கைக்கு வந்தது. மகன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் லினக்ஸ் இருந்தது. நைட் டூட்டி முடிந்து தூக்கம் வராத பகல்களில் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன்.

சென்ற வருடம் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லிவிட்டு வரலாற்றுக்குப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வளைகுடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போன ஓர் அம்மா எங்கள் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் பக்கத்துக்காரர், எண்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்கே போய் ஒரு மணி பத்து நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்தேன். லேப்டாப்பில் "பதிவு" என்று ஒரு ஃபோல்டர், அதில்தான் மூலப் பதிவுகள் எல்லாம் இருந்தன. "பதிவு தற்காலிகம்" என்று இன்னொன்று, அதில் வெட்டிய துண்டுகள். வேலை முடிந்ததும் தற்காலிகத்தை அழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் அழித்து அலுத்துப்போய், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டரின் பெயரை ஒரு மாறியில் வைத்து, "இந்த மாறியில் இருப்பதை அழி" என்று ஒரு வரி.

ஸ்கிரிப்ட் ஒரு நொடியில் ஓடி முடிந்தது. "தற்காலிகம் என்று எதுவும் இல்லை" என்று ஒரே ஒரு புகார் திரையில் வந்தது. போய்ப் பார்த்தால் "பதிவு தற்காலிகம்" அப்படியே இருக்கிறது. "பதிவு" இல்லை.

என்னைக் குழப்பியவை இரண்டு. ஒன்று, நான் சொன்ன பெயர் ஒன்று, அழிந்தது வேறொன்று. இரண்டு, எதை அழித்தாலும் "அழிக்கவா?" என்று என் லேப்டாப் கேட்கும். பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

மற்றவர்களின் உரைகள் இணையத்தில் ஏறியிருந்ததால் திரும்பக் கிடைத்தன. அந்த அம்மாவின் குரல் இன்னும் ஏறவில்லை. போனில் இருந்த பிரதியை லேப்டாப்புக்கு மாற்றிய கையோடு அழித்திருந்தேன். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அது முழுக்க என் குற்றம். ஆனால் அந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடியபோது, என் தவறுக்கு அறுபது வருட வயதுள்ள வேர்கள் இருப்பது தெரிந்தது.

ஓடு என்ற பெயர்

கதை 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்குகிறது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை அங்கே உருவாக்கியிருந்தார்கள. பிரான்சிலிருந்து வந்து அங்கே பணியாற்றிய லூயி பூசான், ஒரே கட்டளை வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதைப் பார்த்து, கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து ஓட்டுவதற்காக ரன்காம் என்ற நிரலை எழுதினார். அடுத்து வரவிருந்த மல்டிக்ஸ் என்ற அமைப்புக்காக, மனிதர் தட்டும் சொற்களை வாங்கி உள்ளே இருக்கும் இயந்திரத்திடம் கொடுக்கும் ஒரு மேலடுக்கு வேண்டும் என்று யோசனை சொன்னவரும் அவரே. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஷெல், அதாவது ஓடு.

இன்றும் நம் லேப்டாப்பில் ஷெல் திறக்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பின் பெயர் "பாஷ்ஆர்சி" என்று முடியும். அந்த ஆர்சி, பூசானின் ரன்காமிலிருந்து வந்த எச்சம். என் குழப்பத்தின் ஒரு பாதி அந்தக் கோப்புக்குள்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஃபோர்க் வந்ததும் படுத்துவிட்ட கட்டளை

1969-இல் பெல் ஆய்வகம் மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியது. நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் கென் தாம்சன், யாரும் அதிகம் தொடாத ஒரு பிடிபி-7 கணினியில் யூனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். டென்னிஸ் ரிட்சியும் உடனிருந்தார். ஆரம்பத்தில் ஒரு முனையத்துக்கு ஒரே ஒரு செயல்முறைதான். கட்டளை கொடுத்தால் ஷெல் இடம் ஒதுங்கி, அந்தக் கட்டளை அதே இருக்கையில் வந்து உட்காரும்.

பிறகு ஃபோர்க் என்ற வசதி வந்தது. ஷெல் தன்னைப்போலவே ஒரு பிள்ளையை உண்டாக்கி, வேலையை அந்தப் பிள்ளையிடம் கொடுக்கும். வேலை முடிந்ததும் பிள்ளை மறைந்துவிடும், தாய் ஷெல் அப்படியே இருக்கும். அந்த மாற்றத்துக்கு அசெம்பிளியில் 27 வரிகள்தான் தேவைப்பட்டன என்று ரிட்சி பின்னாளில் எழுதினார்.

அந்த 27 வரி ஒரு கட்டளையைப் படுக்க வைத்தது. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சிஎச்டிர் என்ற கட்டளை திடீரென்று வேலை செய்யவில்லை. எழுதியவர்களே உட்கார்ந்து வரிவரியாகப் படித்துத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். கடைசியில் காரணம் புரிந்தது. கட்டளை சரியாகத்தான் ஓடியது. ஆனால் ஓடியது பிள்ளைக்குள். பிள்ளை ஒழுங்காக இடம் மாறியது, உடனே மறைந்தது. தாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறகு அந்தக் கட்டளையை ஷெல்லே தனக்குள் வைத்துச் செய்ய வேண்டியதாயிற்று. நாம் இன்று தட்டும் சிடி அப்படிப்பட்ட உள்கட்டளைதான்.

"ஸ்கிரிப்ட்டுக்குள் மாறிக்கு மதிப்பு கொடுத்தேன், வெளியே வந்து பார்த்தால் காணோம்" என்று இன்று யாராவது விழித்தால், அது இந்தப் பழைய கதையேதான். பிள்ளைக்குள் நடந்தது தாய்க்குத் தெரியாது. குழாய் போட்டு ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததில் செலுத்தி, அங்கே ஒரு சுழற்சியில் எண்ணிக்கை கூட்டி, முடிவில் பார்த்தால் பூஜ்யம் வருவதும் இதனால்தான். பாஷில் குழாயின் ஒவ்வொரு துண்டும் வழக்கமாக ஒரு தனிப் பிள்ளை. கோர்ன் ஷெல்லில் கடைசித் துண்டு மட்டும் தாயிடமே ஓடும். ஆகவே ஒரே ஸ்கிரிப்ட் இரண்டு ஷெல்களில் இரண்டு விடை தரும்.

இடைவெளி ஒரு கத்தி

1971 நவம்பரில் யூனிக்ஸின் முதல் பதிப்புக் கையேடு வந்தபோது அதில் இருந்தது தாம்சனின் ஷெல். மிகச் சிறியது. நாம் பெயர் வைத்துக்கொள்ளும் மாறிகள் அதில் கிடையாது. எழுபதுகளின் நடுவில் ஜான் மாஷே அதை விரிவாக்கி, ஒற்றை எழுத்துப் பெயருள்ள மாறிகளைக் கொண்டுவந்தார்.

அதே காலத்தில் பெல் ஆய்வகத்துக்கு வந்தவர் ஸ்டீபன் போர்ன். இங்கிலாந்துக்காரர். கேம்பிரிட்ஜில் அல்கால் 68 மொழியில் தோய்ந்தவர். அந்த மொழியின் மேலிருந்த பிரியத்தில், "இஃப்" என்று திறந்ததை "ஃபி" என்று திருப்பிப் போட்டு மூடுவது, "கேஸ்" என்பதை "ஈசாக்" என்று மூடுவது எல்லாம் ஷெல்லுக்கு வந்தன. "டூ" என்பதை மட்டும் அவரால் "ஓடி" என்று மூட முடியவில்லை. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்ததால் "டன்" என்று வைத்தார்.

1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்தான் இன்றைய பெரும்பாலான ஷெல்களுக்கு மூதாதை. முழுப்பெயருள்ள மாறிகள், அவற்றைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்தனுப்பும் எக்ஸ்போர்ட் கட்டளை ஆகியவை அதில் வந்தன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும், திரும்ப வராது.

இங்கேதான் என் முதல் கேள்விக்கு விடை. போர்ன் ஷெல்லில் பட்டியல் என்ற பொருள் கிடையாது. மாறி என்றால் ஒரு நீளமான எழுத்துச் சரம், அவ்வளவுதான். நான்கு கோப்புகளின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள ஒரே வழி, அவற்றை இடைவெளி விட்டு ஒரே சரமாக எழுதுவது. பயன்படுத்தும் இடத்தில் ஷெல் அந்தச் சரத்தை விரித்து, இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி, தனித்தனிச் சொற்களாக்கிக் கட்டளையிடம் கொடுக்கும். எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லும் எழுத்துகளை ஐஎஃப்எஸ் என்ற இன்னொரு மாறி வைத்திருக்கும். வெட்டக்கூடாது என்றால் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஏழாம் பதிப்பில் ஒரு கோப்பின் பெயர் 14 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் இடைவெளி விட்டுப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றியிராது. பிற்காலத்தில் நம்மைப் போன்றவர்கள் வந்து "பதிவு தற்காலிகம்" என்று வாக்கியம்போல் பெயர் வைக்கத் தொடங்கினோம். கத்தி மட்டும் அப்படியே இருந்தது. நான் மாறிக்கு மேற்கோள் போடவில்லை. "பதிவு" ஒரு சொல், "தற்காலிகம்" ஒரு சொல் என்று ஷெல் வெட்டியது. முதலாவதை அழித்தது, இரண்டாவதைக் காணோம் என்று சொன்னது. கையால் தட்டிய நாட்களில் இது ஏன் நடக்கவில்லை என்றால், பெயரை முடிக்க டேப் பொத்தானை அழுத்தும்போது ஷெல்லே இடைவெளிக்கு முன் ஒரு சாய்கோட்டைப் போட்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது.

இதில் விழுந்தது நான் மட்டுமில்லை. 2001 நவம்பரில் மேக் கணினிகளுக்கு வந்த ஐட்யூன்ஸ் 2.0-ஐ நிறுவும் ஸ்கிரிப்ட்டில் இதே தவறு இருந்தது. வட்டின் பெயர் இருந்த மாறிக்கு மேற்கோள் இல்லை. பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலரது வட்டுகளில் இருந்தவை துடைத்தழிக்கப்பட்டன. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1 வெளியிட்டது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுச் செயலியில் இதன் தம்பி ஒன்று வெளிப்பட்டது. அங்கே மேற்கோள் இருந்தது, ஆனால் சில சூழ்நிலைகளில் மாறி வெறுமையாகிவிட்டது. "இந்த ஃபோல்டருக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழி" என்பதில் ஃபோல்டரின் பெயர் உதிர்ந்துபோய், "கணினியின் வேருக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழி" என்றாயிற்று. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பையும் எழுதியவர் விட்டுவைத்திருந்தார். பயந்தவர் பரிசோதனை ஒன்றையும் சேர்த்திருக்கலாம்.

மாற்றுப்பெயர் எப்போது விழிக்கும்

இனி இரண்டாவது கேள்வி. ஏன் கேட்கவில்லை?

எழுபதுகளின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் சி ஷெல் என்ற ஒன்றை எழுதினார். திரைமுன் உட்கார்ந்து நாள் முழுக்கத் தட்டுகிற மனிதருக்கானது அது. முன்பு தட்டிய கட்டளைகளைத் திரும்ப அழைக்கும் வசதியும், ஏலியாஸ் என்ற மாற்றுப்பெயர் வசதியும் அதில் இருந்தன. நம்மூர்ச் செய்தித்தாளில் "இன்னார் என்கிற இன்னார்" என்று போடுவார்களே, அதேதான். நீளமான கட்டளைக்கு ஒரு செல்லப்பெயர். 1983-இல் பெல் ஆய்வகத்தின் டேவிட் கோர்ன் அறிமுகப்படுத்திய கோர்ன் ஷெல், போர்ன் வழியில் நின்றுகொண்டே மாற்றுப்பெயரையும் சேர்த்துக்கொண்டது. 1992-இன் போசிக்ஸ் தரநிலையிலும் அது இடம்பெற்றது.

என் லேப்டாப்பின் பாஷ்ஆர்சி கோப்பில் மகன் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். ஆர்எம் என்று தட்டினால் "கேட்டுவிட்டு அழி" என்று பொருள் கொள்ளும்படி ஒரு மாற்றுப்பெயர். அம்மா எதையாவது அழித்துவிடக் கூடாது என்ற அக்கறை. ஆர்எம் என்ற கட்டளையே கேட்கும் சுபாவம் உடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டது கட்டளை இல்லை, மகன்.

மாற்றுப்பெயர் மனிதர் தட்டுவதற்கென்று பிறந்த வசதி. ஆகவே பாஷில் ஸ்கிரிப்ட் ஓடும்போது, தனியாகச் சொன்னால் ஒழிய, மாற்றுப்பெயர்கள் விரியாது. அந்த பாஷ்ஆர்சி கோப்பையும் ஸ்கிரிப்ட் படிப்பதில்லை. என் ஸ்கிரிப்ட்டில் இருந்த ஆர்எம் அசல் ஆர்எம். அது வழக்கமாக யாரையும் எதையும் கேட்காது.

மாற்றுப்பெயரின் மற்ற விசித்திரங்களும் ஒரே காரணத்திலிருந்துதான் வருகின்றன. ஷெல் ஒரு வரியை வாங்கிப் படிக்கும் கட்டத்திலேயே மாற்றுப்பெயர் விரிந்துவிடும். மாறிகள் விரிவது அதற்குப் பிறகு, சொற்களாக வெட்டுவது அதற்கும் பிறகு, ஓட்டுவது கடைசியில். இந்த வரிசை தெரிந்தால் பல புதிர் விடுபடும். ஒரே வரியில் மாற்றுப்பெயரை வரையறுத்து அங்கேயே பயன்படுத்தினால் வேலை செய்யாது. வரி முழுதும் படித்து முடித்த பிறகுதானே வரையறை ஓடுகிறது! ஒரு மாறிக்குள் மாற்றுப்பெயரை வைத்து அழைத்தால் அது விரியாது. மாறி திறக்கும் நேரத்தில் மாற்றுப்பெயருக்கான கட்டம் கடந்துபோயிருக்கும். சுடோவுக்குப் பின் வரும் மாற்றுப்பெயரும் வழக்கமாக விரியாது. முதல் சொல்லைத்தான் ஷெல் பார்க்கும்.

மேற்கோளிலும் ஒரு பொறி உண்டு. மாற்றுப்பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வரையறுத்தால், அதிலிருக்கும் மாறி அந்த நிமிடமே விரிந்து, அன்றைய மதிப்பு உறைந்துவிடும். ஒற்றை மேற்கோளில் வைத்தால் மாறி மூடியபடியே இருந்து, பயன்படுத்தும்போதுதான் விரியும். "இப்போதிருக்கும் ஃபோல்டரைக் காட்டு" என்று காலையில் இரட்டை மேற்கோளில் எழுதியவர், மாலை வரை காலையின் ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சி ஷெல்லின் மாற்றுப்பெயருக்குப் பின்னால் வரும் சொற்களை எடுத்து நடுவில் பொருத்தத் தெரியும். போர்ன் குடும்பத்தின் மாற்றுப்பெயருக்கு அது தெரியாது. அங்கே அதற்கு ஃபங்ஷன் எழுத வேண்டும். பாஷின் கையேடே ஏறக்குறைய எல்லா வேலைக்கும் மாற்றுப்பெயரைவிட ஃபங்ஷனே மேல் என்கிறது.

மறுபடியும் பிறந்தது

பாஷ் என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். போர்ன் ஷெல்லைச் சுதந்திரமாகப் பகிர முடியாததால், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்காக பிரையன் ஃபாக்ஸ் 1989-இல் புதிதாக எழுதியது அது. "போர்ன் அகெய்ன் ஷெல்". போர்ன் என்பவரின் பெயரும், மறுபடியும் பிறத்தல் என்ற கிறிஸ்தவச் சொல்லும் சேர்ந்த சிலேடை. நிக்கொதேமு இரவில் வந்து, வயதானவன் எப்படி மறுபடி பிறப்பான் என்று கேட்டதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். முதன்முதலில் இந்தப் பெயரின் விளக்கத்தைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.

ஆனால் இந்த மறுபிறப்பில் பழைய மனிதன் போகவில்லை. பழைய ஸ்கிரிப்ட்கள் அப்படியே ஓட வேண்டும் என்பதால் போர்ன் ஷெல்லின் குணங்களையெல்லாம் பாஷ் சுமந்துகொண்டது. தன் பங்குக்கு ஒன்றையும் சேர்த்தது. மாறிகளைப் போல ஃபங்ஷன்களையும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பும் வசதி. கொடுத்தனுப்பச் சுற்றுச்சூழல் மாறிகளை விட்டால் வேறு பாதை இல்லை. ஆகவே ஒரு மாறியின் மதிப்பு குறிப்பிட்ட சில அடைப்புக்குறிகளோடு தொடங்கினால் அது ஃபங்ஷன் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதினார்கள்.

2014 செப்டம்பரில் ஸ்டெஃபான் ஷாசெலா என்ற யூனிக்ஸ் வல்லுநர், ஃபங்ஷன் முடிந்த பிறகும் அந்த மாறியில் எழுத்துகள் மிச்சம் இருந்தால் பாஷ் அவற்றையும் கட்டளையாக ஓட்டிவிடுவதைக் கண்டுபிடித்தார். பராமரிப்பாளர் செட் ரேமிக்குத் தெரிவித்தார். 24-ஆம் தேதி உலகத்துக்குத் தெரிந்தது. ஷெல்ஷாக் என்று பெயர் வந்தது. இணையத்தளங்களின் வழங்கி, வருகிறவரின் உலாவி சொல்லும் தகவலை மாறியில் வைத்து நிரல்களுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். ஆக, முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய ஒரு வரி, வழங்கியின் உள்ளே கட்டளையாக ஓடும். முதலில் போட்ட ஒட்டு போதவில்லை, அடுத்தடுத்து ஒட்டுகள் வந்தன. பிழை 1989-இலிருந்தே அங்கே இருந்தது. 25 வருடம்.

எடுத்துப் பார்த்தால் எல்லாக் கதையும் ஒன்றுதான். வெறும் எழுத்தாக இருக்க வேண்டியது எப்போது கட்டளையாக மாறுகிறது, எந்தக் கட்டத்தில், யார் கையில்?

வார்டிலிருந்து ஒரு பாடம்

இது எங்கள் தொழிலில் தினமும் கேட்கும் கேள்வி. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் பயன்படுத்தக் கூடாத சுருக்கெழுத்துகளின் பட்டியலை வெளியிட்டது. அதில் "யூனிட்" என்பதற்கு எழுதும் யூ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் ஒன்று. கையெழுத்தில் அது பூஜ்யம்போல் தெரியும். 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். சுருக்கியவருக்கு அது வசதி, வாசிப்பவருக்கு வேறு பொருள். மாற்றுப்பெயரின் ஆபத்தும் அதுதான்.

மாறியின் ஆபத்து ஹேண்ட்ஓவரில் இருக்கிறது. "ஏழாம் படுக்கைக்கு எட்டு மணி மருந்து" என்று முந்தைய ஷிப்ட் சொல்லிவிட்டுப் போகும். இடையில் ஏழாம் படுக்கைக்காரர் ஸ்கேனுக்குப் போய், அங்கே வேறொருவர் படுத்திருக்கலாம். அதனால்தான் மருந்து கொடுக்கும் அந்த நிமிடத்தில் கைப்பட்டையைப் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறோம். சொன்ன நேரத்து மதிப்பு வேறு, கொடுக்கும் நேரத்து மதிப்பு வேறு.

ஆகவே ஷெல் எதிர்பாராததைச் செய்தால் இப்போது ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்க்கிறேன்.

முதலில், இது எந்த ஷெல்? ஆப்பிள் 2019-இல் மேக்கின் இயல்பு ஷெல்லை இசட்-ஷெல்லாக மாற்றியது. 1990-இல் பால் ஃபால்ஸ்டாட் எழுதிய அந்த ஷெல், மேற்கோள் போடாத மாறியையும் இடைவெளியில் வெட்டாது. என் ஸ்கிரிப்ட்டை அதில் ஓட்டியிருந்தால் அந்தக் குரல் பிழைத்திருக்கும். உபுண்டுவில் 2006 முதல் எஸ்எச் என்று அழைத்தால் வருவது பாஷ் இல்லை, டாஷ்.

அடுத்து, நான் அழைக்கும் பெயருக்குப் பின்னால் இருப்பது யார்? "டைப்" என்று போட்டுக் கட்டளையின் பெயரைச் சேர்த்தால், அது மாற்றுப்பெயரா, ஃபங்ஷனா, உள்கட்டளையா, வட்டில் இருக்கும் நிரலா என்று ஷெல்லே சொல்லும். பெயருக்கு முன் ஒரு சாய்கோடு போட்டு ஓட்டினால் மாற்றுப்பெயர் விலகிவிடும்.

மூன்றாவது, மாறிக்குள் உண்மையில் இருப்பது என்ன? இருபுறமும் அடைப்புக்குறி வைத்து அச்சிட்டுப் பார்த்தால் ஒளிந்திருக்கும் இடைவெளி தெரிந்துவிடும். "செட் மைனஸ் எக்ஸ்" என்று ஸ்கிரிப்ட்டின் தலையில் எழுதினால், ஒவ்வொரு கட்டளையும் விரிந்து முடிந்த வடிவத்தில் திரையில் வரும். "செட் மைனஸ் யூ" என்றால், மதிப்பே கொடுக்காத மாறியைத் தொட்டதும் நின்றுவிடும். மாறி வெறுமையாக இருந்தால் அது நிற்காது, அதற்குத் தனியாகச் சோதனை எழுத வேண்டும். ஸ்டீம் கதை அதற்குச் சாட்சி.

கடைசியாக, மாறிகளை எல்லா இடத்திலும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். வேண்டாத இடம் எது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழிக்கும் கட்டளைக்குக் கேள்வி கேட்கும் மாற்றுப்பெயரும் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். யாரோ கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் கை பழகிவிடும். அலாரம் அடிக்கும் என்று நம்பி நோயாளியின் முகத்தைப் பார்க்காத நர்ஸ்போல. கேள்வி வேண்டுமானால் ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

என் மகனிடம் இதைச் சொன்னபோது, "நான் உங்களைக் காப்பாற்றத்தானே வைத்தேன், அம்மா" என்றான். அது உண்மை. அவன் வைத்ததை எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. கட்டன் சாயா கொடுத்து, மறுபடியும் பேசினார். முதல் பதிவில், வளைகுடாவில் இருந்தபோது தன் தாய் இறந்த செய்தி மூன்று வாரம் கழித்துக் கடிதத்தில் வந்ததையும், டூட்டியில் வைத்து அதைப் படித்துவிட்டு ஷிப்ட் முடியும்வரை வேலை செய்ததையும் சொல்லியிருந்தார். அந்த இரவை மணிக்கணக்கு வைத்து, எந்தப் படுக்கையில் யார் இருந்தார்கள் என்பதுவரை சொன்னார். இரண்டாம் முறை அந்த இடம் வந்ததும் தாண்டிப் போய்விட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"அதான் ஒரு தடவ சொல்லியாச்சே, மக்ளே" என்றார்.

இரண்டாவது பதிவு அடுத்த மாத நேரலையில் வரும். 22 நிமிடம். மூன்று இடத்தில் பிரதி வைத்திருக்கிறேன். எல்லோரும் வந்து கேளுங்கள்.